நாக்பூர் ஷிகார் கம்பெனியும் மச்சினனின் நமீபியா பயணமும்

நாக்பூர் என்றால் நம்ம ஆட்களுக்கு ஆரஞ்சு. இல்லையென்றால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் ஜி.டி.யும் நின்று போகும் ஒரு பெரிய ஸ்டேஷன். "நாக்பூரா? அந்த வெயில்ல எப்படி சார் இருக்கீங்க?" என்பதுதான் ஊருக்குப் போனால் கேட்கிற முதல் கேள்வி. ஆனால் 1950களிலும் 60களிலும் அமெரிக்காவில் கொஞ்சம் பணக்காரர்களுக்கு நாக்பூர் என்றால் வேறு ஒன்று. புலி. அதுவும் பார்க்கிற புலி இல்லை, சுடுகிற புலி.

இந்த ஊரில் அப்போது ஆல்வின் கூப்பர் என்று ஒரு கம்பெனி இருந்தது. பெயரைக் கேட்டால் ஏதோ வெள்ளைக்காரர் வைத்துவிட்டுப் போன கம்பெனி என்று தோன்றும். இல்லை. ஆரம்பித்தவர் வித்யா சரண் சுக்லா. ஆமாம், அவரேதான். எமர்ஜென்சி காலத்தில் தகவல் ஒலிபரப்புத் துறை மந்திரியாக இருந்து, கிஷோர் குமார் பாட்டை அகில இந்திய வானொலியில் போடக்கூடாது என்று செய்தவர். அரசியலுக்கு வருவதற்கு முன்னால், நாக்பூர் மோரிஸ் காலேஜில் படித்து முடித்த கையோடு 1950களின் தொடக்கத்தில் அவர் இறங்கிய தொழில் இதுதான். வெளிநாட்டுக்காரர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போய் புலி, சிறுத்தை, காட்டெருமை, கடமான் வேட்டையாட வைப்பது. கேமராவோடு வருபவர்களையும் கூட்டிப்போனார்கள். இப்போதைய பாஷையில் சொன்னால் பேக்கேஜ் டூர்.

இதை இப்போது தோண்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. என் மனைவியின் பெரியப்பா மகன் ஹூஸ்டனில் இருக்கிறான். அவன் ஆபீஸில் நாலு பேர் சேர்ந்து நமீபியாவுக்கு "கைடட் ஹன்ட்" போகிறார்களாம், இவனையும் கூப்பிடுகிறார்கள். ஒரு நாள் ராத்திரி போன். "அத்தான், நீங்க புலிக்காட்டுப் பக்கத்துல இருக்கீங்க, பழைய கதையெல்லாம் படிக்கிறீங்க. போகலாமா? கொடுக்கிற காசுக்குத் தகுமா?" என்றான். என் மனைவி பக்கத்திலிருந்து, "வீட்டுல கரப்பான்பூச்சிக்கே அலறுவான், இவனுக்கு வேட்டையா?" என்று சொன்னதை நான் அவனிடம் சொல்லவில்லை. :-)

போகலாம் போகக்கூடாது என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியை இந்த ஊரில் இருந்துகொண்டு யோசித்தால், கேள்வி கொஞ்சம் மாறிவிடுகிறது. யார் காசு, யாருக்குப் போனது, யாருக்குத் தகுந்தது? அதற்குப் பழைய கதைக்குப் போக வேண்டும். கொஞ்சம் நீளமான கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ராஜாக்கள் காலம். இதை நான் விரித்து எழுதப்போவதில்லை, ஏனென்றால் நீங்கள் எல்லோரும் ஏதாவது ஒரு அரண்மனை மியூசியத்தில் அந்த போட்டோக்களைப் பார்த்திருப்பீர்கள். சுட்ட புலியின் மேல் ஒரு காலை வைத்து நிற்கும் போட்டோ. 1911 டிசம்பரில், டெல்லி தர்பார் முடிந்த பிறகு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நேபாளத்துக்குப் போய் நடத்திய வேட்டையில் மட்டும் 39 புலிகள் செத்தன. சர்குஜா மகாராஜா தன் வாழ்நாளில் சுட்டது ஆயிரத்துக்கும் மேல். பக்கத்து சமஸ்தானமான கோரியாவின் ராஜா 1947ல், இரவில் காரில் போகும்போது, மூன்று சிறுத்தைப்புலிகளைச் சுட்டார். நான் சொல்வது சீட்டா, வேங்கையோ லெப்பர்டோ இல்லை. இந்தியாவில் சீட்டா இருந்ததற்கு நிச்சயமான கடைசி ஆதாரங்களில் அதுவும் ஒன்று. 1952ல் அந்த இனம் இந்தியாவில் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். 2022ல் நமீபியாவிலிருந்து விமானத்தில் கொண்டுவந்து குனோ காட்டில் விட்டது அந்த இடத்தை நிரப்பத்தான். (நமீபியா என்ற பெயர் இந்தக் கதையில் இன்னொரு முறை வரும்.)

வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்குப்படி 1875 முதல் 1925 வரையான ஐம்பது வருஷத்தில் 80,000க்கும் மேல் புலிகள் கொல்லப்பட்டிருக்கின்றன. இதில் ராஜா, துரை மட்டும் இல்லை. புலியைக் கொன்று கொண்டுவந்தால் அரசாங்கமே சன்மானம் கொடுத்த காலம் அது.

சுதந்திரம் வந்ததும் இதெல்லாம் குறைந்திருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது வேறு. துப்பாக்கி லைசென்ஸ் தாராளமானது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று கிராமத்துக்குக் கிராமம் துப்பாக்கி. யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட ஜீப்புகள். ஜீப்பில் ஒரு ஸ்பாட்லைட்டை மாட்டினால் ராத்திரியில் ரோட்டோரத்தில் எதையும் சுடலாம். சட்டப்படி கூடாதுதான், யார் கேட்பது? கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு துணுக்கு: 1936ல் இங்கிலாந்தில் இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்த "விஜ்ஜி", அதாவது விஜயநகரம் மகாராஜகுமார், 1947க்கும் 51க்கும் இடையில் கான்ஹா பகுதியில் சுமார் 30 புலிகளைச் சுட்டிருக்கிறார். கான்ஹா 1933லிருந்தே சரணாலயம்! அவர் பேட்டிங் சராசரியைவிட இது கொஞ்சம் நன்றாக இருக்கிறது என்று இங்கே ஒரு கிண்டல் உண்டு.

இந்தச் சூழ்நிலையில்தான் ஷிகார் கம்பெனிகள் வந்தன. நாக்பூரில் மட்டும் இல்லை, நாடு முழுக்க. ஆனால் நாக்பூருக்கு ஒரு வசதி இருந்தது. 1956 வரை இதுதான் மத்தியப் பிரதேசத்தின் தலைநகர். சுற்றிலும் சியோனி, பாலாகாட், மண்டலா, சாந்தா என்று காடு. வித்யா சரணின் அப்பா ரவிசங்கர் சுக்லாதான் அந்த மாநிலத்தின் முதலமைச்சர், 1956 கடைசி நாளில் இறக்கும் வரை. இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை, நீங்களே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

ஏற்பாடு எப்படி என்றால், வனத்துறை காட்டை "ஷூட்டிங் பிளாக்" என்று துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கும். ஒவ்வொரு பிளாக்குக்கும் பெர்மிட். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, இத்தனை புலி, இத்தனை கடமான், இத்தனை புள்ளிமான் என்று கணக்கு. குட்டியோடு இருக்கும் தாய்ப்புலியைச் சுடக்கூடாது, அது இது என்று விதிகள். கம்பெனி முன்கூட்டியே பிளாக்கைப் பதிவு செய்துவிட்டு, அமெரிக்க வேட்டைப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுக்கும். வருகிறவர் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ விமானத்தில் வந்து, அங்கிருந்து நாக்பூர். பிறகு ஜீப்பில் காட்டு முகாம். கூடாரம், சமையல்காரர், தோல் உரிக்கிறவர், தடம் பார்க்கிறவர், துப்பாக்கி தூக்குகிறவர். இரண்டு மூன்று வாரம்.

ஜாக் டென்டன் ஸ்காட் என்ற அமெரிக்க எழுத்தாளர் இந்தக் கம்பெனியோடு போன வேட்டையைப் பற்றி 1959ல் ஒரு புத்தகமே எழுதினார். "ஃபாரஸ்ட்ஸ் ஆஃப் தி நைட்" என்று பெயர். கூடப்போன ஷிகாரி ராவ் நாயுடு என்பவர்தான் அதில் பாதி கதாநாயகன். இந்த மாதிரிப் புத்தகங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் உறைக்கும். வேட்டை என்று நாம் நினைப்பதில் முக்கால்வாசியை அந்தக் காசு கொடுத்த ஆள் செய்யவே இல்லை.

எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். சாயங்காலம் புலி நடமாட்டம் இருக்கிற நாலைந்து இடத்தில் ஒரு எருமைக் கன்றைக் கட்டிவிட்டு வருவார்கள். எந்த ஓடைக்கரை, எந்த மரத்தடி என்பதுதான் வித்தை. அது தெரிந்தவர் கோண்டு, பைகா ஆதிவாசிகள். விடியற்காலையில் ஒருவர் போய் எந்தக் கன்று செத்திருக்கிறது என்று பார்த்து வருவார். தனியாக, கையில் ஒரு கோடாலியோடு. புலி இரையைத் தின்றுவிட்டு வெயிலுக்குப் பக்கத்திலேயே ஏதாவது நிழலில், தண்ணீர் ஓரம் படுத்திருக்கும். எங்கே படுத்திருக்கும் என்று தடத்தை வைத்தும், காக்காய் குரங்கு சத்தத்தை வைத்தும் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் அது எழுப்பினால் எந்த வழியாக ஓடும் என்று கணக்குப் போட்டு, அந்த வழியில் மரத்தின் மேல் பரண் கட்ட வேண்டும், சத்தம் இல்லாமல். துரையை ஏற்றி உட்கார வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் மரத்துக்கு ஒரு ஆளாக ஏற்றி வைப்பார்கள். புலி பக்கவாட்டில் விலகினால் அவர் மெதுவாக மரத்தைத் தட்டுவார், புலி மறுபடி வழிக்குத் திரும்பும். பலமாகத் தட்டினால் புலி மிரண்டு பின்னால் வருகிற ஆட்கள் மேலேயே பாயும். எவ்வளவு தட்டணும் என்பது அனுபவம். கடைசியில் கிராமத்து ஆட்கள் ஐம்பது நூறு பேர் வரிசையாக நின்று, தப்பட்டை அடித்து, கத்திக்கொண்டு காட்டுக்குள் நடப்பார்கள். இதற்கு இங்கே "ஹாங்கா" என்று பெயர். நடக்கிறவர்கள் கையில் துப்பாக்கி கிடையாது. முன்னால் புலி இருக்கிறது என்று தெரிந்தே நடக்க வேண்டும்.

பரண் மேலே இருப்பவர் வேலை என்ன? புலி வெளியே வந்ததும் சுடுவது. சில விநாடிகள். தவறிப்போய் அடிபட்ட புலி புதருக்குள் போய்விட்டால், அதைத் தேடிப் போகிறதும் பெரும்பாலும் கைடுதான்.

என்னோடு வேலை செய்யும் ஒருவர் சியோனி பக்கத்து ஆள். அவருடைய தாத்தா ஹாங்காவில் நடந்தவர். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைப் பற்றிக் கேட்டேன். "நாள் கூலி சில அணாக்கள். புலி விழுந்தா கொஞ்சம் இனாம். தாத்தாவுக்கு அதெல்லாம் பெரிசா ஞாபகம் இல்லை. விரட்டிக்கிட்டுப் போகும்போது பக்கத்து ஆளோட குரல் திடீர்னு நின்னா அடிவயிறு கலங்கும், அதை மட்டும் சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தார்" என்றார். அதே தாத்தா வீட்டு மாட்டைப் புலி அடித்தபோது யாரும் வரவில்லையாம். மாட்டுக்கு ஒரு பைசா யாரும் கொடுக்கவில்லை. அது விற்கப்பட்ட பிளாக்கில் இருக்கிற, விற்கப்பட்ட புலி. அதன் விலையில் மாட்டுக்காரருக்குப் பங்கு இல்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மச்சினனுக்கு நான் சொல்ல நினைத்ததில் பாதி இதுதான்.

சுட்ட புலி பிறகு எங்கே போகும்? நிறைய மைசூருக்குப் போகும். வான் இங்கன் என்று டச்சு வம்சாவளிக் குடும்பம், 1900லிருந்து 1999 வரை மைசூரில் விலங்குகளைப் பாடம் பண்ணிக் கொடுத்தார்கள். உலகத்தில் அந்த வேலையில் அவர்களுக்கு ஈடு குறைவு. கண்ணாடிக் கண், விரித்த வாய், நாக்கு. பல பத்தாயிரம் தோலும் தலையும் அந்த ஒரு பட்டறை வழியாகப் போயிருக்கின்றன. மைசூரில் எங்கள் தூரத்து உறவினர் ஒருவர் சின்னப் பையனாக அந்த வேலி வழியாக எட்டிப் பார்த்ததைப் பெருமையாகச் சொல்வார். ஆக, வேட்டைக்காரர் சிகாகோ போய்ச் சேர்ந்து பல மாதம் கழித்து, அவருடைய புலி கப்பலில் வந்து சேரும்.

சரி, நாட்டுக்கு லாபம் இல்லையா? இருந்தது, அதை மறுக்க முடியாது. 1957, 58ல் நம் நாட்டில் அந்நியச் செலாவணி எவ்வளவு வறட்சி என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவனுக்கு டாலர் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு ஆள் டாலரோடு வந்து இறங்குகிறான் என்றால் அரசாங்கம் ஏன் விடும்? சுற்றுலாத் துறையே வேட்டையை ஒரு ஈர்ப்பாகத்தான் காட்டியது. 1961ல் எலிசபெத் ராணி வந்தபோது ஜெய்ப்பூர் மகாராஜா ஏற்பாட்டில் ரணதம்போரில் எடின்பரோ கோமகன் ஒரு புலியைச் சுட்டார். அதே வருஷம்தான் உலக வனவிலங்கு நிதியம் ஆரம்பித்தது. அதன் பிரிட்டிஷ் கிளைக்கு முதல் தலைவர் யார்? அவரேதான். இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை, அந்தக் காலத்தில் இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க முடிந்தது. வேட்டைக்காரர்தான் காட்டைக் காப்பாற்றுவார் என்று உண்மையாகவே நம்பினார்கள்.

அந்த நம்பிக்கைக்கு நம் ஊரிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. நீலகிரியில் 1877ல் வெள்ளைக்காரர்கள் ஒரு வேட்டைச் சங்கம் ஆரம்பித்தார்கள். 1879ல் அதற்கென்று ஒரு சட்டமே வந்தது, நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் சுடக்கூடாது, இந்த மாதங்களில் சுடக்கூடாது, லைசென்ஸ் பணத்தில் காவலாளிகள். வரையாடு இன்றைக்கு முக்குர்த்தி பக்கம் மிச்சம் இருப்பதில் அந்தச் சங்கத்துக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. அதே சட்டம் மலைவாசிகள் காலம் காலமாகச் செய்துவந்த வேட்டையைக் குற்றமாக்கியது என்பதும் உண்மை. துரை சுட்டால் விளையாட்டு, குறும்பர் வலை விரித்தால் திருட்டு. சங்கம் பிற்பாடு நீலகிரி வனவிலங்குச் சங்கமாக மாறியது. குன்னூர் வக்கீல் ஈ.ஆர்.சி. டேவிதார் மாதிரி துப்பாக்கியை வைத்துவிட்டு வரையாட்டை எண்ணக் கிளம்பியவர்களும் அங்கிருந்து வந்தார்கள்.

(சேலம், தர்மபுரி, தேன்கனிக்கோட்டை ஆட்கள் "கென்னத் ஆண்டர்சனை விட்டுட்டீங்களே" என்று கேட்பீர்கள். பெங்களூர்க்காரர், ஜவளகிரி ஆட்கொல்லிப் புலி, எல்லாம் தெரியும். ஆனால் ஆண்டர்சனும் குமாவுனின் கார்பெட்டும் புகழ் பெற்றது ஆட்கொல்லிகளைத் தேடி, பெரும்பாலும் நடந்தே போனதற்காக. காசு கட்டிப் பரணில் உட்கார்வது வேறு ஜாதி. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.)

கணக்குக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்தில் இந்தியாவில் 40,000 புலிகள் இருந்திருக்கலாம் என்று அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக்காரர் ஈ.பி. ஜீ ஒரு ஊகம் சொன்னார், 1960களில் 4,000 இருக்கலாம் என்றார். இரண்டும் ஊகம்தான். எண்ணிப் பார்த்தது 1972ல். விடை 1,827. இதற்கு ஷிகார் கம்பெனிகள்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். காட்டை அழித்து வயலாக்கியது, மானைத் தின்று தீர்த்தது, தோல் வியாபாரம், செத்த மாட்டில் பூச்சி மருந்து வைத்தது, எல்லாம் சேர்ந்தது. ஆனால் கம்பெனிகள் "நாங்கள் விதிப்படி சுடுகிறோம், எங்களால் காடு வாழ்கிறது" என்று சொன்னதையும் ஏற்க முடியாது. காடு வாழ அவர்கள் எதையும் விட்டுப்போகவில்லை. பிளாக்குக்கான கட்டணம் அரசாங்கக் கஜானாவுக்கு, மீதி கம்பெனிக்கு, பாடம் செய்த காசு மைசூருக்கு. புலியோடு வாழ்கிற கிராமத்துக்குச் சில அணா. அந்தக் கிராமத்து ஆளுக்குப் புலி உயிரோடு இருந்தால் என்ன ஆதாயம்? மாடு போகும். அவர் ஏன் விஷம் வைக்கமாட்டார்?

1969ல் டெல்லியில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்க மாநாடு நடந்தது. புலி அழிவு விளிம்பில் இருக்கிறது என்று அங்கே உரக்கச் சொல்லப்பட்டது. 1970ல் புலி வேட்டைக்கு நாடு முழுவதும் தடை. கம்பெனிகள் கூச்சல் போட்டன, டாலர் போகிறது என்றன. இந்திரா காந்தி அசையவில்லை. அவரைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு, இந்த விஷயத்தில் ஒன்றும் இல்லை. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1973 ஏப்ரல் 1ஆம் தேதி புலிகள் திட்டம், முதல் டைரக்டர் கைலாஷ் சாங்கலா. சில விலங்குகளுக்கு மட்டும் லைசென்ஸ் வாங்கிச் சுடலாம் என்று மிச்சம் இருந்த வழியும் 1991 திருத்தத்தில் போயிற்று. அதனால் இந்தியாவுக்குள் காசு கட்டி வேட்டைக்குக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் உங்களை ஜெயிலுக்குத்தான் கூட்டிப்போகிறார்.

(துப்பாக்கி முற்றிலும் போய்விடவில்லை. எங்களுக்குப் பக்கத்து யவத்மாலில் 13 பேர் சாவுக்குக் காரணம் என்று சொல்லப்பட்ட ஒரு பெண்புலியை 2018 நவம்பரில் சுட்டார்கள். ஹைதராபாதிலிருந்து வேட்டைக்காரர் வந்தார், வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. அதை இழுக்க ஒரு பிரபல சென்ட்டைக்கூடத் தெளித்துப் பார்த்தார்கள் என்று பேப்பரில் வந்தபோது, எங்கள் ஆபீஸில் ஒரு வாரத்துக்கு யாரும் சென்ட் போட்டுக்கொண்டு வரவில்லை.)

தடைக்குப் பிறகு எல்லாம் சுபம் என்று முடிக்க முடியாது. கான்ஹாவில் சதுப்புமான் 1970ல் 66 மட்டுமே இருந்தது. இன்றைக்கு ஆயிரம் பக்கம் வந்திருக்கிறது என்றால் அந்தப் பாதுகாப்பால்தான். 2022 கணக்கெடுப்பில் நாட்டில் புலிகள் குறைந்தது 3,167. ஆனால் கான்ஹாவிலிருந்து பைகா, கோண்டு கிராமங்களை வெளியே நகர்த்தினார்கள். துரைக்குத் தடம் காட்டியவர், அணாவுக்கு ஹாங்கா நடந்தவர், இரண்டு காலத்திலும் விலை கொடுத்தது அவர்தான். முதலில் புலியை விற்றார்கள், அவருக்குப் பங்கில்லை. பிறகு புலியைக் காப்பாற்றினார்கள், அவருக்கு இடமில்லை.

இப்போது மச்சினன் கேள்வி. தடை போட்டால் போதும், விலங்கு பிழைத்துக்கொள்ளும் என்றால் கென்யா ஒரு பெரிய இடைஞ்சல். 1977லிருந்து அங்கே வேட்டை கிடையாது. ஆனால் அதற்கு அப்புறமான நாற்பது வருஷத்தில் அந்த நாட்டின் மேய்ச்சல் நிலங்களில் வனவிலங்கு எண்ணிக்கை மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வேலி, மாடு, வறட்சி, ஜனத்தொகை. சுடவில்லை, இருந்தும் போய்விட்டது.

எதிர்ப் பக்கம் பாகிஸ்தான். வடக்கு மலைகளில் மார்க்கோர் என்று முறுக்குக் கொம்பு காட்டாடு. வருஷத்துக்கு சில பெர்மிட்தான் கொடுக்கிறார்கள், ஒவ்வொன்றும் லட்சம் டாலருக்கும் மேலே ஏலம் போகிறது. அதில் 80 சதவீதம் அந்தப் பள்ளத்தாக்குக் கிராமங்களுக்கு. மற்ற ஆடுகளைக் காவல் காப்பதும் அதே கிராமத்து ஆட்கள். 2015ல் அந்த விலங்கு அழியும் நிலைப் பட்டியலில் இரண்டு படி பாதுகாப்பான இடத்துக்கு நகர்ந்தது. நமீபியாவில் 1996 சட்டத்துக்குப் பிறகு கிராமங்கள் சேர்ந்து "கன்சர்வன்சி" என்று அமைத்துக்கொள்ளலாம், தங்கள் நிலத்து விலங்குகளால் வரும் வருமானம் அவர்களுக்கு. எண்பதுக்கும் மேல் இருக்கின்றன. சுட்ட விலங்கின் கறியும் கிராமத்துக்கே. அதே ஆப்பிரிக்காவில் 2015ல் ஜிம்பாப்வேயில் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டிய சிசில் சிங்கத்தை, சுமார் 50,000 டாலர் கொடுத்த ஒரு அமெரிக்கர் கொன்றதும் நடந்தது. தென்னாப்பிரிக்காவில் வேலிக்குள் வளர்த்த சிங்கத்தைத் திறந்துவிட்டுச் சுட வைக்கிற வியாபாரமும் இருக்கிறது. அதை வேட்டை என்று சொல்வது, மீன் மார்க்கெட்டில் வாங்கிவிட்டு தூண்டில் போட்டேன் என்பது மாதிரி.

ஆக, அவனுக்கு நான் சொன்னது இது. அனுபவத்துக்காகப் போகிறாய் என்றால், அதில் முக்கால்வாசி அனுபவம் தடம் பார்க்கிறவனுடையது. துப்பாக்கி இல்லாமலே அவனோடு நடக்கலாம், பாதிச் செலவுகூட ஆகாது. நான் போகமாட்டேன். ஆனால் போகிறவன் எல்லாம் பாவி என்றும் சொல்லமாட்டேன். நாக்பூர் கம்பெனி செய்தது எதற்கும் தகாத வியாபாரம் என்று நான் சொல்வது, புலியைச் சுட்டதற்காக மட்டும் இல்லை. சுட்ட இடத்தில் ஒன்றையும் விட்டுப்போகாததற்காக. அதனால் அந்த ஏஜென்ட்டிடம் மூன்று கேள்வி கேள். நிலம் யாருடையது? நீ கட்டுவதில் எவ்வளவு அந்த நிலத்து ஆட்களுக்குப் போகிறது, எழுத்தில் கொடுப்பார்களா? விலங்கு அங்கேயே பிறந்து வளர்ந்ததா, லாரியில் வந்ததா?

ஆல்வின் கூப்பரை ஆரம்பித்தவர் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். 2013 மே 25ஆம் தேதி பஸ்தர் காட்டில், தர்பா பள்ளத்தாக்கில் காங்கிரஸ் ஊர்வலத்தின் மேல் மாவோயிஸ்டுகள் தாக்குதல் நடத்தினார்கள். குண்டடிபட்ட வித்யா சரண் சுக்லா ஜூன் 11ஆம் தேதி ஆஸ்பத்திரியில் இறந்தார். 83 வயது.

மச்சினன் அந்த மூன்று கேள்வியையும் ஏஜென்ட்டுக்கு மெயிலில் அனுப்பியிருக்கிறான். முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் மறுநாளே பதில் வந்துவிட்டதாம். இரண்டாவதற்கு "விரைவில் தெரிவிக்கிறோம்" என்று வந்திருக்கிறது. மூன்று வாரம் ஆகிறது.